கரைக்கு ஒரு வினை, கம்பிக்கு வேறொரு வினை: மெல்லக் கெடுக்கும் ஆங்கிலச் சொற்கள்

கடல் அரிப்பு, மண் அரிப்பு, கம்பியில் அரிப்பு, செல்லரிப்பு. தமிழில் 'அரிப்பு' எல்லா இடத்துக்கும் பொருந்திவிடுகிறது. புதுச்சேரி வம்பாகீரப்பாளையத்திலிருந்தோ கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்தோ ஆங்கிலத்தில் ஒரு மனு போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கரை போவதற்கு 'கரோஷன்' என்று எழுதியிருந்தால், படிக்கும் பொறியாளர் இரும்புத் தூணைப் பார்க்க ஆள் அனுப்புவார். மாடிக் கூரையின் கம்பிக்கு 'இரோஷன்' என்று எழுதியிருந்தால், சொல்ல வந்தது என்னவென்று அவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

அகராதியைப் புரட்டினாலும் வழி பிறப்பதில்லை. இரோட், கரோட், அண்டர்மைன், ஸாப், டிபிலிடேட், இம்பேர் என எதைத் தேடினாலும் 'பலவீனப்படுத்து', 'நலிவடையச் செய்', 'கெடு' என்று கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. அந்தச் சொற்களுக்குள் உள்ள வேறுபாடு கேடு நடக்கும் விதத்தில் இருக்கிறது. ஆகவே வினையைத் தேர்வதற்கு முன் கெடுகிற பொருளைப் பார்க்க வேண்டும். கேடு வெளியிலிருந்து வருகிறதா, அடியிலிருந்தா, உள்ளேயிருந்தா? பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து போய்விடுகிறதா, இருந்த இடத்திலேயே கெட்டுப்போகிறதா? செய்பவர் என்று யாராவது உண்டா?

இந்த நுணுக்கம் நமக்குப் புதிதல்ல. கயிறு நைந்தது என்போம், மரம் உளுத்தது என்போம், சாக்கு மக்கியது, சுவர் உப்புப் பொரிந்தது, கம்பி இற்றுப்போனது என்போம். உளுத்த கயிறு என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் தானாக வரும் இந்தக் கவனத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதும் விடாமல் வைத்திருந்தால் போதும்.

முதலில் இரோட். வெளியிலிருந்து நீரோ காற்றோ உராய்ந்து, பொருளைத் துகள் துகளாக எடுத்துக்கொண்டு போவது. எடுத்துக்கொண்டு போவது என்பதுதான் இதில் முக்கியம். புதுச்சேரிக் கடற்கரை இந்த வினைக்கு ஒரு பாடமாகவே இருக்கிறது. நம் கரையோரம் மணல் ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே போகும், மற்ற மாதங்களில் வடக்கே போகும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தைக் குறுக்கே மறித்தன. மணல் தெற்குப் பக்கம் தேங்கியது, வடக்கே வர வேண்டியது வரவில்லை. அலை எடுத்துப் போவது மட்டும் நிற்கவில்லை. பீச் ரோடு ஓரம் கருங்கல் கொட்டிக் காத்தார்கள். அரிப்பு அங்கிருந்து நகர்ந்து வடக்கே உள்ள மீனவர் குப்பங்களில் கை வைத்தது. ஒவ்வொரு குப்பமும் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) கேட்டு மனு கொடுப்பதும், ஒரு வளைவு வந்ததும் அதற்கு வடக்கே உள்ள ஊரின் கரை போவதும் இதே கணக்கில் நடப்பவைதான்.

இதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். அலைகள் கரையை இரோட் செய்கின்றன என்று செயப்படுபொருளோடும் வரும், கரை இரோட் ஆகிறது என்று செயப்படுபொருள் இல்லாமலும் வரும். இரண்டும் சரி. மனுவில் முதல் வகையையே எழுதுங்கள், காரணம் வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடும். எதிர்ச்சொல்லையும் தெரிந்துகொள்வது நல்லது: மணல் சேர்வதற்கு அக்ரீட் என்ற வினை, அக்ரீஷன் என்ற பெயர். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அந்தப் பகுதியில் மணல் திரும்பச் சேர்ந்ததைப் பற்றி எழுதுபவர்களுக்கு இந்தச் சொல் கட்டாயம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரோட் என்றால் மெதுவாகத்தான் நடக்கும் என்று பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள், அது முழு உண்மையல்ல. ஒரு புயல் ஒரே இரவில் பல மீட்டர் மணலை எடுத்துப் போகலாம், அதற்கும் இரோட் சரியான சொல்தான். துகள் துகளாகப் போக வேண்டும் என்பதே விதி, வேகம் இரண்டாவது. அதனால் மெதுவாக நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் 'கிராஜுவலி' அல்லது 'ஸ்டெடிலி' சேர்த்து எழுத வேண்டும். மறுபக்கம், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்களைச் சாய்த்ததற்கு இரோட் வரவே வராது. அங்கே துகள் எதுவும் போகவில்லை, மரமே வேரோடு போனது. அப்ரூட், ஃபிளாட்டன், டெவஸ்டேட் என்பவைதான் அதற்கான வினைகள்.

கண்ணுக்குத் தெரியாதவற்றிலும் இரோட் அளவு குறையும் பொருள்களோடுதான் சேரும். நம்பிக்கை, சேமிப்பின் மதிப்பு, லாப வரம்பு, உரிமை, ஓட்டு வங்கி எல்லாம் இரோட் ஆகும். மனிதர் ஆகமாட்டார். விலைவாசி ஒருவரை இரோட் செய்தது என்று எழுதினால் தவறு. அவருடைய சம்பளத்தின் வாங்கும் சக்தியை இரோட் செய்தது என்று எழுத வேண்டும்.

கரோட் வேறு சங்கதி. இங்கே எதுவும் அடித்துச் செல்லப்படுவதில்லை. வேதிவினையால் பொருள் இருந்த இடத்திலேயே வேறொன்றாக மாறுகிறது. இரண்டு சொல்லும் 'கொறி' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவைதான், ஆனால் இன்றைய பயன்பாட்டில் பாதை பிரிந்துவிட்டது.

கடலோர வீட்டின் கூரைக் கம்பியைப் பாருங்கள். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12.5 முதல் 13 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி இரும்பைக் காக்கிறது. உப்புக்காற்றில் வரும் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக இறங்கி அந்தப் படலத்தை உடைத்தால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்குதலில் கம்பியின் போக்கிலேயே நேர்கோட்டு விரிசல் விழும், பழுப்புக் கறை இறங்கும், ஒரு நாள் சீலிங் பாளமாகப் பெயர்ந்து விழும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, கம்பிக்கு வெளியே குறைந்தது 45 மி.மீ. கான்கிரீட் மூட வேண்டும், கான்கிரீட்டின் வலிமை எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் பலகையின் மேலேயே படுக்க வைத்துக் கான்கிரீட் போட்டால் அந்த 45 மி.மீ. எங்கிருந்து வரும்? உப்புத் தண்ணீரில் கலவை போட்டாலோ, குளோரைடு வெளியிலிருந்து வரும்வரை காத்திருக்கவே தேவையில்லை.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஆங்கிலத்தில் தனி வினை இருக்கிறது, மாற்றிப் போடக் கூடாது. குளோரைடு பெனிட்ரேட் செய்கிறது. கம்பி கரோட் ஆகிறது. கான்கிரீட் கிராக் ஆகிறது. பிறகு பாளமாகப் பெயர்வதற்கு ஸ்பால் என்று பெயர். கட்டடம் மொத்தமாக டிடீரியரேட் ஆகிறது. 'ரஸ்ட்' இரும்புக்கும் எஃகுக்கும் மட்டுமே. செம்புக் குழாயோ அலுமினிய ஜன்னலோ ரஸ்ட் ஆகாது, கரோட் ஆகும். பித்தளைக் குத்துவிளக்கு மங்கினால் டார்னிஷ். பச்சைக் களிம்பு ஏறித் தின்னத் தொடங்கினால் கரோட். டார்னிஷ் மேற்பரப்பில் நிற்கும், புளி போட்டுத் துலக்கினால் போய்விடும். ஒருவருடைய நற்பெயருக்கும் டார்னிஷ் சொல்வது இதனால்தான்: மங்கியிருக்கிறது, அழியவில்லை.

உருவகத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. நம்பிக்கை இரோட் ஆனால் குறைந்திருக்கிறது என்று பொருள், மிச்சம் இருப்பது நல்ல நம்பிக்கையே. ஓர் அலுவலகத்தின் சூழலை லஞ்சம் கரோட் செய்கிறது என்றால், மிச்சம் இருப்பதும் கெட்டுவிட்டது என்று பொருள். பொறாமை, கசப்பு, ஊழல் எல்லாம் பெரும்பாலும் கரோடைத்தான் தேடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கைக்கொண்டாலே எழுத்து பாதி சரியாகிவிடும் என்பது என் துணிபு.

அடுத்தது அடியிலிருந்து வரும் கேடு. அண்டர்மைன் என்ற சொல்லிலேயே சுரங்கம் இருக்கிறது. கோட்டைச் சுவரை நேரே இடிக்க முடியாதபோது, அதன் அஸ்திவாரத்துக்குக் கீழே குடைந்து, தாங்கிய மண்ணை எடுத்துச் சுவரைத் தானாக விழச் செய்வது பழைய முற்றுகை முறை. அதனால் இந்த வினை, மேலே பார்க்க முழுசாகத் தெரியும் ஒன்றின் ஆதாரம் போவதைச் சொல்ல வருகிறது. அதிகாரம், நம்பகத்தன்மை, முயற்சி, தீர்ப்பு, ஜனநாயகம், தன்னம்பிக்கை ஆகியவை இதன் இயல்பான செயப்படுபொருள்கள். பணியாளர் முன்னிலையில் மேலாளரைத் திட்டினால் அவருடைய பதவி அப்படியே இருக்கும், அதைத் தாங்கிய மரியாதை போய்விடும். அதுதான் அண்டர்மைன். செய்பவர் வேண்டுமென்றே செய்ய வேண்டும் என்பதில்லை. வேண்டுமென்றே செய்தால்தான் சபோடாஜ். தெரியாமல் நடந்ததை ஒரு புகாரில் சபோடாஜ் என்று எழுதிவிட்டால் எதிராளி மீது உள்நோக்கம் கற்பித்ததாகிவிடும், கவனம்.

இந்த வினை நேர்ப்பொருளிலும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. 1962-இல் கட்டிய புதுச்சேரிக் கடற்பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச் மாதம் இடிந்து விழுந்தது நினைவிருக்கும். அதுபோன்ற கட்டுமானத்தைப் பற்றி அறிக்கை எழுதும் ஒருவர் கடல் செய்யும் ஒவ்வொரு வேலையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடிமண்ணைத் தோண்டி எடுப்பது ஸ்கவர். ஆற்றுப் பாலங்களுக்கும் இதே சொல்தான், தென்பெண்ணை வெள்ளத்தில் பாலத் தூண்களுக்குப் பொறியாளர்கள் முதலில் அஞ்சுவது இதற்குத்தான். ஸ்கவர் அஸ்திவாரத்தை அண்டர்மைன் செய்கிறது. மணல் கலந்த அலை தூணின் மேற்பரப்பைத் தேய்ப்பது அப்ரேட். உள்ளே கம்பி போவது கரோட். விழுவது கொலாப்ஸ். முதல் நான்கும் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் நடப்பவை, கடைசியது நொடியில் முடிவது. 'அலையால் பாலம் இரோட் ஆகி விழுந்தது' என்று ஒரே வரியில் எழுதினால் ஐந்து செய்திகளில் நான்கு காணாமல் போகும்.

ஸாப் என்ற வினைக்கும் இதே முற்றுகைப் பின்னணிதான். மண்வெட்டிக்கான இத்தாலியச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எதிரியின் குண்டு படாமல் கோட்டையை நோக்கி வளைந்து வளைந்து வெட்டிக்கொண்டு போகும் பள்ளத்துக்கு ஸாப் என்று பெயர், வெட்டுபவர் ஸாப்பர். மெட்ராஸ் ஸாப்பர்ஸ் என்ற ராணுவப் பிரிவின் பெயரில் இருப்பது இதே சொல். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தது, 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளியது, 1783-இல் கடலூர் முற்றுகை என்று இந்தக் கரைக்கு முற்றுகைகள் நன்றாகவே பழக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு ஸாப்பே, மினே என்ற இரண்டு வினைகளும் இன்றும் இதே 'அடியில் குடை' என்ற பொருளில் தெரிந்திருக்கும்.

ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் ஸாப்பின் பொருள் 'உறிஞ்சி எடு' என்பதற்கு அருகே வந்துவிட்டது. மரச்சாற்றுக்கும் ஸாப் என்று பெயர் இருப்பது இதற்குத் துணைபோயிருக்கலாம், அது வேறு வேரிலிருந்து வந்த தனிச் சொல். பலம், சக்தி, உற்சாகம், மனத்திடம் ஆகியவற்றோடுதான் இந்த வினை சேரும். அக்னி நட்சத்திர வெயில் உடம்பின் தெம்பை ஸாப் செய்யும், நீண்ட நாள் காய்ச்சலும் செய்யும். சுவரையோ கரையையோ ஸாப் செய்வதாக இன்று எழுதினால் விசித்திரமாகப் படும். அமைப்பு இரண்டு விதம்: தெம்பை ஸாப் செய்தது, அல்லது அவரை தெம்பு 'ஆஃப்' ஸாப் செய்தது. இரண்டாவதில் அந்த 'ஆஃப்' விடுபடக் கூடாது.

உடம்பைப் பற்றிப் பேசும்போது இன்னும் மூன்று. நோய் ஒருவரை எழுந்து நடமாட முடியாதபடி செய்தால் டிபிலிடேட். ஒரு குறிப்பிட்ட திறன் குறைந்தால் இம்பேர்; பார்வை, கேட்கும் திறன், சிறுநீரகச் செயல்பாடு, நினைவாற்றல் எல்லாம் இம்பேர் ஆகும், ஆள் முழுதும் ஆகமாட்டார். மருத்துவச் சான்றிதழில் இந்த வேறுபாடு உதவித்தொகை வரைக்கும் பேசும். மூன்றாவது எனர்வேட். ஒலியை வைத்து 'எனர்ஜி கொடு' என்று நினைப்பவர்கள் ஏராளம். நேரெதிர்: சக்தியை எடுத்துவிடு என்று பொருள். போட்டித் தேர்வில் இந்தச் சொல் அடிக்கடி வருவதே இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

நம் பக்கம் அதிகம் தவறாகும் வினை டிடீரியரேட். முதலில் உச்சரிப்பு: ஐந்து அசை, டி-டீ-ரி-ய-ரேட். நடுவில் ஓர் அசையை விழுங்கிப் பேசிப் பேசி, எழுத்திலும் அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்தது இலக்கணம். இது பெரும்பாலும் தானாக நடப்பதைச் சொல்லும் வினை. சாலை டிடீரியரேட் ஆனது, நோயாளியின் நிலை டிடீரியரேட் ஆனது என்று எழுதலாம். 'உப்புக்காற்று கட்டடத்தை டிடீரியரேட் செய்தது' என்பது காதில் இடறும். அந்த இடத்தில் டேமேஜ், அல்லது தரம் குறைவதைச் சொல்ல டிகிரேட் போடுங்கள். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சில் இதே வினை செயப்படுபொருள் எடுக்கும், தானாக நடப்பதற்குத்தான் 'ஸெ' சேர்ப்பார்கள். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிடும்.

வேர் (wear) என்ற சின்ன வினை, பின்னால் ஒட்டும் சொல்லுக்கேற்ப ஐந்தாறு உருவம் எடுக்கும். கல்படி மிதிபட்டுத் தேய்ந்து குழிவது வேர் அவே. செருப்பு இனி உதவாது என்ற நிலைக்கு வருவது வேர் அவுட். ஒருவரை விடாமல் நச்சரித்து வழிக்குக் கொண்டுவருவது வேர் டவுன். பல் பிடுங்க மருத்துவர் போட்ட மரப்பு ஊசியின் வேகம் குறைவது வேர் ஆஃப். பொறுமை வற்றுவது வேர் தின். இறந்தகாலம் வோர், முற்றுவடிவம் வோர்ன். இதன் பெயர்ச்சொல்லான 'வேர் அண்ட் டேர்' சட்டத்திலும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, குத்தகைதாரர் இடத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, நியாயமான வேர் அண்ட் டேரால் வந்த மாற்றத்துக்கு விலக்கு தருகிறது. பீச்சுக்குப் பக்கத்தில் வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் இந்த மூன்று சொல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். உப்புக்காற்றில் பொரிந்த சுவர்ப்பூச்சுக்கு முன்பணத்தில் கழிக்கப் பார்த்தால் எடுத்துக்காட்ட உதவும்.

வெதர் ஒரு வழுக்குப்பாறை. வெயிலும் மழையும் மரத்தையோ கல்லையோ வெதர் செய்தால் நிறம் மங்கித் தேய்ந்துபோனதாகப் பொருள். ஒருவர் புயலை வெதர் செய்தார் என்றாலோ, தாக்குப்பிடித்துக் கடந்துவிட்டார் என்று பொருள். எழுவாய் யார் என்று பார்த்தால் குழப்பம் தீரும்: இயற்கை எழுவாயாக நின்றால் கேடு, கேட்டை எதிர்கொள்பவர் எழுவாயாக நின்றால் வெற்றி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். கயிறும் துணியும் ஓரத்தில் பிரிந்தால் ஃப்ரே. பொறுமையும் நரம்பும்கூட ஃப்ரே ஆகும். ரப்பர் வாஷர் வெடித்துப் பொடிந்தால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பெரிஷ். நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் டிப்ளீட், அதில் கடல்நீர் கலந்தால் கன்டாமினேட். கடலூர்க் கரையோரக் கிணறுகளைப் பற்றி எழுதும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், ஒன்று அளவு, மற்றது தரம். சிப் அவே என்பதற்குப் பின்னால் 'அட்' வரும், சிறு சிறு அடியாகத் திரும்பத் திரும்ப. ஈட் இன்டு என்பது நேரம், சேமிப்பு, லாபம் ஆகியவற்றுக்கு. விட்டில் டவுன் எண்ணிக்கையைச் செதுக்கிக் குறைப்பது. வேட்பாளர் பட்டியலை இருபதிலிருந்து ஐந்தாக விட்டில் டவுன் செய்வதில் கேடு எதுவும் இல்லை.

காலத்தையும் சரிபாருங்கள். மெல்ல நடக்கும் கேடு என்றாலே 'இந்த ஆண்டிலிருந்து' என்று சொல்ல வேண்டி வரும். தமிழில் '1989-லிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது' என்கிறோம், அதை அப்படியே மாற்றி 'இஸ் இரோடிங் சின்ஸ்' என்று எழுதுகிறோம். 'ஹேஸ் பீன் இரோடிங் சின்ஸ்' என்று இருக்க வேண்டும். தொடங்கிய ஆண்டைச் சொன்னால் சின்ஸ், எத்தனை ஆண்டு என்று சொன்னால் ஃபார். கரை இழப்புக்கான மனுவில் முதல் வாக்கியம் இந்த அமைப்பில், அலையை எழுவாயாக வைத்து, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எத்தனை மீட்டர் என்ற அளவோடு தொடங்கட்டும். இரண்டாவது வாக்கியத்தில் அண்டர்மைன் வரலாம், ஆனால் வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கீழே மண் உண்மையிலேயே போயிருந்தால் மட்டும். போயிருந்தால் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை டேப் வைத்து அளந்து, அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.